அண்ணன் கட்டிய பத்துத் தூண்களை இடித்தது யார்?

அண்ணனின் ஆண்டு நினைவுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கி, இலை போட இன்னும் நேரம் இருக்கிறதே என்று புரட்டத் தொடங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். முதல் பக்கத்தில் அண்ணனின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த பக்கத்தில் நம்முடைய கோயில் குடும்ப சபையின் இரங்கல் செய்தி வர வேண்டும் என்று சபையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செத்த பிறகு புகழ்வதற்கு ஒரு பக்கம் கேட்கிறார்கள். உயிரோடு இருந்தபோது சபையின் தீர்மானப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியை அடித்துத் தர அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த வரியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நினைவு மலரில் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று இரண்டு பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அண்ணனைப் பற்றி நல்லதைத்தான் எழுதப் போகிறேன். மற்றவர்களைப் பற்றியும் நல்லதாகவே எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பாறசாலைப் பக்கம் பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எதை எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்துச் சொல்லுங்கள். ஒரு வரியும் விட வேண்டாம்.

அண்ணன் கொல்லயிலில் பிறந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. எனக்கும் அவருக்கும் நான்கு வயது வித்தியாசம். அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும் எட்டுப் பத்துத் தென்னையும் இருந்தன. அண்ணன் பத்தாம் வகுப்பு எழுதிய வருடம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதன் பிறகு இரண்டு வருடம் எங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டு வந்து போட்டார். அண்ணனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டதும் அவர்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மாமாவைப் பற்றி நான் எழுதப் போவதை வாசித்துவிட்டு, நன்றி கெட்டவள் என்று யாரும் பேச வேண்டாம். தின்ற சோறு எனக்கு மறக்கவில்லை.

அண்ணன் கட்டடப் படிப்பு முடித்து, ஒரு ரோடு காண்டிராக்டரிடம் ஏழெட்டு வருடம் இருந்தார். அந்தக் காலத்திலேயே கல்யாணமும் ஆகி மைனி வீட்டுக்கு வந்தார். பிறகு பம்பாய்க்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் பெரிய கட்டடங்களில் மேற்பார்வை வேலை பார்த்தார். அங்கிருந்து அனுப்பித்தான் என்னை ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்க வைத்தார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். வீட்டுக்குத் தளம் போட்டார். வருடத்துக்கு ஒருமுறை, கோயில் ஊட்டு விருந்துக்குத் தவறாமல் வருவார்.

தொண்ணூற்று மூன்றில் மராட்டியத்தில் லாத்தூர் பக்கம் பூமி குலுங்கிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். நாம் அதைப் பேப்பரில் பார்த்து ஐயோ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தோம். அண்ணன் வேலை பார்த்த கம்பெனி, வீடு கட்டிக் கொடுக்க ஆட்களை அங்கே அனுப்பியது. அண்ணனும் போனார். ஏழு மாதம் அங்கே இருந்தார். திரும்பி வந்த மனிதர் பழைய அண்ணன் இல்லை. சுவர் ஒவ்வொன்றும் இரண்டு முழக் கனமாம். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியதாம். அவ்வளவு கனமான சுவர்கள் நான்கு மூலையிலும் பிளந்து, ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாக விழுந்து, உள்ளே தூங்கியவர்களை மூடிவிட்டன. கனம் இருந்தது, பிடிப்பு இல்லை என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். சாப்பிடும்போது சொல்வார். அம்மா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் பம்பாய்க்குப் போகவில்லை. ஊரிலேயே வீடு கட்டிக் கொடுக்கத் தொடங்கினார். பாறசாலை, நெய்யாற்றின்கரை, அதியன்னூர், திருப்புறம் என்று எங்கே வேலை எடுத்தாலும் ஒரே பிடிவாதம்தான். ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டை, ஜன்னலோடு நின்றுவிடக் கூடாது. வீட்டைச் சுற்றி, நான்கு சுவரையும் பிடித்துக்கொண்டு, எங்கேயும் அறுபடாமல் ஓட வேண்டும். மூலைக்கு மூலை கம்பி மடங்கி உள்ளே போக வேண்டும். ஓட்டு வீடு என்றால் ஓட்டைத் தாங்கும் கழுக்கோலைச் சுவரோடு கம்பியால் கட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். லாத்தூர் எங்கே, கொல்லயில் எங்கே என்று கேட்பார்கள். லாத்தூர் மேஸ்திரி என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். வைத்தவர்களில் சிலர் இன்றைக்கு முன்வரிசையில் இருப்பீர்கள்.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்ப்பார். மதில், கேட், தண்ணீர்த் தொட்டி எதையும் விடமாட்டார். பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் நேரம் பார்த்துப் பந்தல் காலைப் பிடித்து ஆட்டினார். அது கையோடு வந்துவிட்டது. பந்தல்காரர் அடிக்க வந்தார். மைனி வெட்கப்பட்டு மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. ஆனால் அந்தோணி அண்ணன் அடுத்த மாதமே அதியன்னூரில் தான் கட்டும் வீட்டை அண்ணனிடம்தான் கொடுத்தார். ரப்பர் வெட்டும் கூலிக்காரர் அவர். அவர் வீட்டில்கூட அந்தப் பட்டை சுற்றி ஓடுகிறது. போய்ப் பாருங்கள்.

அடுத்த வருடம் நம் குடும்பக் கோயிலுக்கு ஊட்டுப்புரை கட்ட சபை தீர்மானித்தது. அதுவரை ஊட்டுச் சாப்பாட்டை ஓலைப்பந்தலில்தான் போட்டுவந்தோம். சபைச் செயலாளர் மாமா. மருமகன் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரைபடம் போட்டார். அறுபது அடி நீளம். நடுவில் ஒரு சுவரும் கிடையாது, பந்தி வைக்க இடம் வேண்டும் அல்லவா? மேலே இரும்புச் சட்டமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும். அவ்வளவு நீளச் சுவர் தனியாக நிற்காது என்பதற்காக, பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துக் கான்கிரீட் தூண்களைச் சுவரோடு சேர்த்து, வெளியே ஒரு சாண் துருத்திக்கொண்டு நிற்கும்படி வைத்தார். அஸ்திவாரத்திலிருந்து கம்பி ஏற வேண்டும். சுவரின் தலையில் சுற்றி ஒரு பட்டை போட்டு, தூண்களின் கம்பியை அதில் முடிந்து, அதில் பதித்த போல்ட்டில் கூரைச் சட்டத்தைப் பூட்ட வேண்டும். பொதுக்குழுவில் வரைபடத்தை விரித்து வைத்தபோது, இத்தனை தூண் எதற்கு, இங்கே என்ன பூமி குலுங்கவா போகிறது என்று சிரித்தார்கள். அண்ணன் சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

“சுவரு கனத்தைத் தாங்கும், தள்ளினா தாங்காது. பூமி குலுங்குனாலும் தள்ளும், காத்து அடிச்சாலும் தள்ளும், ரெண்டும் ஒரு வேலையாக்கும். இங்க பூமி குலுங்குமா இல்லியாண்ணு எனக்குத் தெரியாது. காத்து அடிக்கும்ண்ணு உங்களுக்கே தெரியும்.”

வரைபடம் நிறைவேறியது. அதை அன்று கைதூக்கி ஒப்புக்கொண்டவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. இப்போது கேட்டால் எல்லோருக்கும் மறதி.

சுவர் ஜன்னலுக்கு மேலே ஏறியிருந்தது. பத்துத் தூணும் அந்த உயரத்துக்கு நின்றன. அப்போதுதான் மாமாவுக்குச் சுற்றளவுக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டடத்தின் வெளிச்சுற்றைக் கோலால் அளந்து கணக்குப் போட்டால் அதற்கு ஒரு வயது வரும். பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம் என்று ஐந்து. முதல் நான்கில் எது வந்தாலும் பிழைத்தோம். ஐந்தாவது வந்தால் அது மரணச்சுற்று. அண்ணன் அஸ்திவாரத்துக்குக் குற்றியடிக்கும்போதே கணக்குப் பார்த்துத்தான் வைத்திருந்தார். சுவரின் சுற்று யௌவனம். ஆனால் மாமாவும் சபைக்காரர் இரண்டு பேரும் நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு தூணையும் வளைத்து, உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து அளந்தார்கள். பத்துத் தூணுக்கும் அப்படிச் சுற்றினால் அளவு எங்கே போகும்? மரணத்தில் போய் விழுந்தது.

கணக்குப் பார்ப்பவரைக் கூட்டி வந்தார்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கயிற்றைத் தூணைச் சுற்றி வளைக்கக் கூடாது என்று அவர் சொன்னார். மனசு கேட்கவில்லை என்றால் முன்பக்கம் ஒரு சின்ன வராந்தா இழுத்துவிடுங்கள், சுற்று மாறிவிடும் என்றும் சொன்னார். அண்ணனும் வராந்தா போடலாம் என்றார். பிரதிஷ்டை நாள் குறித்தாகிவிட்டது, வராந்தாவுக்கு நேரம் இல்லை என்றார்கள் சபையில். தூணை எடுத்தால் போதுமே என்று யாரோ தொடங்கினார்கள். தூணில் கை வைத்தால் நான் விலகிக்கொள்வேன் என்று அண்ணன் சொன்னார். அந்தப் பேச்சு அன்று அப்படியே நின்றது.

நின்ற பேச்சு நின்றிருக்கும். அந்த வாரம் பார்த்து அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் என்றார்கள். அண்ணனும் மைனியும் அம்மாவோடு அங்கே இருந்தார்கள். ஊரில் பேச்சு பரவியது. மரணச்சுற்று வைத்துக் கட்டினான், பெற்றவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது மாமா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, முற்றத்தில் நின்றார்.

“பிள்ளே, அம்மை அங்க கெடக்கா. மரணச்சுற்று இங்க நிக்குது. அவன் ஊருல இல்லை. உனக்க வீட்டிலேருந்து ஒரு வாக்கு கிட்டினா எனக்குப் போதும்.”

இந்த இடத்தை எழுத எனக்கு ஆறு மாதம் ஆனது. நான் தமிழ் வாத்தியார். ஜன்னலுக்கு மேலே பட்டை ஏன் ஓட வேண்டும் என்று அண்ணன் எனக்குத் தீப்பெட்டியை வைத்து விளக்கியிருக்கிறார். உள்பெட்டியை எடுத்துவிட்டு வெளிக்கூட்டை ஒரு விரலால் தள்ளச் சொல்வார், அது சப்பையாகும். உள்பெட்டியை வைத்துத் தள்ளச் சொல்வார், நிற்கும். எல்லாம் எனக்குத் தெரியும். அம்மா செத்துவிடுவாரோ என்ற பயத்தில் அத்தனையும் காற்றில் போனது.

“இடிச்சிருங்க மாமா,” என்று சொன்னேன்.

சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனேன். வகுப்பில் அன்று என்ன பாடம் நடத்தினேன் என்றுகூட நினைவில்லை.

அன்றைக்கே களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வேறு மேஸ்திரியைக் கூட்டி வந்து பத்துத் தூணையும் இடித்தார்கள். கம்பியை மண் மட்டத்தில் அறுத்தார்கள். சுவரில் தெரிந்த காயத்தைச் சிமென்டு பூசி மறைத்தார்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் நன்றாக நடந்தது. பார்த்தாயா, தூண் போனதும் அம்மை எழும்பிவிட்டாள் என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். எனக்கும் அப்போது அது உண்மைதான் என்று பட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அண்ணன் எட்டாம் நாள் திரும்பி வந்தார். நேராக ஊட்டுப்புரைக்குப் போனார். சுவரில் புதுப்பூச்சைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நான்கு பக்கமும் நடந்தார். ஒருவரையும் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினார். தூண் இல்லாத இந்தச் சுவரின் மேல் கூரை ஏற்றக் கூடாது, ஏற்றியே தீருவோம் என்றால் தலைப்பட்டையாவது போட்டுப் போல்ட்டில் பூட்டுங்கள், இனி இந்தக் கட்டடத்துக்கு நான் பொறுப்பில்லை என்று எழுதினார். சபைக்கு நேரில் கொண்டு போய்க் கொடுத்தார். அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்று பிற்பாடு சொன்னார்களே, அதன் கார்பன் நகல் மைனியின் பெட்டியில் இருக்கிறது. வேண்டியவர்கள் இன்று மாலை வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். அடுக்களை வாசலில் உட்கார்ந்தார். நான் சாயா கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“நீ அங்க நிண்ணிருந்தா இடிக்க விட்டிருக்க மாட்ட மக்கா. அது எனக்குத் தெரியும்.”

சாயாவுக்குச் சீனி போதுமா என்று கேட்டேன்.

தலைப்பட்டையும் போடவில்லை. சுவர் மேல் இரும்புச் சட்டத்தைச் சும்மா தூக்கி வைத்து, சுற்றிலும் சாந்து குழைத்து அப்பினார்கள். பிரதிஷ்டை நாளில் திறப்பு விழா நடந்தது. கட்டடத்துக்கு வெள்ளை அடித்து, வாசலில் சபைக்காரர்கள் பேரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அண்ணன் பேர் அதில் இல்லை. இருந்திருந்தால் நானே கல்லை உடைத்திருப்பேன்.

அடுத்த இடவ மாதம், மழைக்காற்று தொடங்கும் நேரம், ஊட்டு. அண்ணன் வர மாட்டேன் என்றுதான் சொன்னார். அம்மா கூப்பிட்டதால் வந்தார். உள்ளே போகாமல் பலாமரத்தடியில் நின்றார். முதல் பந்தி முடிந்தது. இரண்டாம் பந்திக்கு எண்பது பேருக்கு மேல் உட்கார்ந்து இலையில் பருப்பும் நெய்யும் விழுந்தாயிற்று. மேற்கேயிருந்து காற்று வந்தது. எப்போதும் வருகிற இடவக் காற்றுதான். கொஞ்சம் பலமாக வந்தது, அவ்வளவே. ஷீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடத்தன. அண்ணன் ஓடி வந்து வாசலில் நின்று, எழும்புங்கள், இலை கிடக்கட்டும், மேற்கு வாசல் வழியாக வெளியே வாருங்கள் என்று கத்தினார். பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுப்புகிறானே என்று அவர் மேல் எரிந்து விழுந்தார்கள். ஒரு பெரியவரைக் கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் அண்ணனை அறைந்தார். அறை வாங்கிக்கொண்டே தூக்கி வெளியே விட்டார்.

கடைசி ஆள் வெளியே வந்ததும் கூரை கிளம்பியது. இரும்புச் சட்டம் சுவர் மேல் நகர்ந்தது. அறுபது அடிக் கிழக்குச் சுவர் முழுக்க வெளியே சாய்ந்து விழுந்தது. அந்தப் பக்கம் ஒட்டிப் போட்டிருந்த சமையல் கொட்டகையில் எங்கள் சித்தி பாயசம் கிளறிக்கொண்டிருந்தார். அவரையும் இன்னும் மூன்று பேரையும் செங்கல் மூடியது. அண்ணன்தான் கையால் செங்கலை வாரினார். உயிர்ச்சேதம் இல்லை. சித்தியின் வலது கால் மட்டும் நொறுங்கியது. இன்றைக்கும் அவர் கம்பூன்றித்தான் நடக்கிறார். அண்ணன் விரல்களில் ரத்தத்தோடு நிமிர்ந்தபோது, கூட்டத்திலிருந்து ஒருவர், “உனக்க கட்டடமாக்கும்லே விழுந்தது” என்றார். அண்ணன் மாமாவைப் பார்த்தார். மாமா கோயில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே காற்றில் அதியன்னூரில் அந்தோணி அண்ணன் வீட்டில் ஓர் ஓடுகூட நகரவில்லை. அண்ணன் கட்டிய எந்த வீட்டிலும் கீறல் விழவில்லை. யாராவது இதைக் கணக்கில் எடுத்தார்களா? இல்லை.

பொதுக்குழு கூடியது. “மேற்பார்வையாளரின் வரைபடத்தில் இருந்த குறையாலும், அவரே தூண்களை நீக்கியதாலும் கட்டடம் விழ நேர்ந்தது” என்று தீர்மானம் எழுதினார்கள். வாசித்தது மாமா. அண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவரே நீக்கினார் என்பது பச்சைப் பொய் என்று அந்தக் கூடத்தில் நிச்சயமாகத் தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் பேரும் வரும் என்று பயந்தேன். வெளியே வந்ததும், ஏன் அண்ணா பேசாமல் இருந்தீர்கள் என்று அவரிடமே கேட்டேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள் எனக்கு! அம்மைக்கு இருக்கிற ஒரே தம்பி, அம்மை உயிரோடு இருக்கும்வரை நான் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு இரண்டு முறை மாமாவைத் தனியாகப் பார்த்து, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றாராம் மாமா.

வேலை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது. திருப்புறத்தில் அஸ்திவாரம் போட்ட வீட்டையே பாதியில் வேறு ஆளிடம் கொடுத்தார்கள். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. தங்கள் சுவரில் விரிசல் கண்டால் மட்டும் அண்ணனை ஆள்விட்டுக் கூப்பிட்டு, பின்வாசல் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அவர் சொன்னதைச் செய்துகொள்வார்கள். வெளியே அவர் பேரைச் சொல்ல மாட்டார்கள். அவரும் போவார். சுவர் என்ன பாவம் செய்தது என்பார். கடைசி இரண்டு வருடம் இன்னொருவருக்குக் கீழே, தன்னிடம் வேலை கற்றவனுக்குக் கீழேயே, அளவு எடுக்கும் வேலைக்குப் போனார்.

போன வருடம் நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டுக் கான்கிரீட் வார்ப்புக்கு முந்தின நாள், மூலைக்கம்பி சரியாக மடங்கவில்லை என்று அவிழ்த்துக் கட்டச் சொல்லிவிட்டு மணல் குவியலில் உட்கார்ந்தாராம். தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் வரும்போது அவர் இல்லை. நாற்பத்தாறு வயது. டாக்டர் இருதயம் என்றார். டாக்டர் சொன்னதில் தப்பு இருக்காது. அந்த இருதயத்தை நான்கு வருடமாக யார் யார் எப்படி நடத்தினோம் என்று டாக்டருக்குத் தெரியாது.

அம்மா ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை, அவரும் போனார். அம்மாவின் பதினாறாம் நாள் அடியந்திரத்தன்று அண்ணன் மகள் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாலிடெக்னிக்கில் கட்டடப் படிப்புக்கே இடம் கிடைத்திருக்கிறது என்று மைனி யாரிடமோ சொன்னார். அப்பன் கட்டினது விழுந்தது போதாதா, இனி மகளும் வேண்டுமா என்று இலை முன்னால் இருந்த ஒருவர் சிரித்தார். பிள்ளை சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். படிக்கப் போக மாட்டேன் என்று இரண்டு நாள் அழுதாள். அன்றைக்குத்தான் எனக்குச் சுரணை வந்தது. அண்ணன் போய்விட்டார், அம்மா போய்விட்டார், அந்த வரி மட்டும் உயிரோடு இருக்கிறது. அது இன்னும் முப்பது வருடம் இந்தப் பெண்ணின் பின்னாலேயே போகும்.

இதை எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்குமுன் மாமாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நான் சொன்ன “இடிச்சிருங்க” வரும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வரியையும் பொய் என்று அவர் சொல்லவில்லை. கடைசியில் கேட்டார்.

“நம்ம ரெண்டு பேரும் சாவது வரைக்கும் பொறுக்கக் கூடாதா பிள்ளே?”

“நாம சாவும்போ அவ கிழவி ஆயிருவா மாமா,” என்றேன்.

நினைவு நாளுக்கு நான் வரணுமா என்று கேட்டார். வர வேண்டும், முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மணல் குவியலிலிருந்து அண்ணனைத் தூக்கி, ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வந்த பெயர் தெரியாத கையாள் இரண்டு பேருக்கு நன்றி. தன் வீட்டு வாசலில் அண்ணன் பேரைப் பெயின்டில் எழுதி வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் சுவரைத் தள்ளிக் காட்டிய அந்தோணி அண்ணனுக்கு நன்றி. நொறுங்கிய காலோடு கிடந்தபோதும், அந்தப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள் என்று தனியொருத்தியாகச் சொன்ன சித்திக்கு நன்றி. இத்தனைக்கும் நடுவில் வீட்டை நிமிர்த்தி வைத்திருக்கும் மைனிக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மைனி, தூணை இடிக்க வாக்குக் கொடுத்தவள் நான் என்பது உங்களுக்கும் இதை வாசிக்கும்போதுதான் தெரியும். என்னோடு பேசாமல் இருப்பதென்றால் இருங்கள். அது நியாயம்தான்.

சபைக்காரர்கள் எல்லோரும் இன்று இங்கே இருக்கிறீர்கள். தீர்மானப் புத்தகத்தையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், மேசை மேல் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. அண்ணன் மகள் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என் பங்கை நான் எழுதி, அச்சடித்து, உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டேன். அந்த வரி அடிபடாமல் இங்கே இலை விழாது.

மாமா, எல்லோரும் வாசித்து முடித்திருப்பார்கள். எழுந்திருங்கள்.